நோ கம்ப்ளெயிண்ட், மேடம்!

ஒரு ஆசிரியருக்கு ஒரே ஒரு யோசனை இருந்தால் பிள்ளைகள் எப்படியாவது தப்பித்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து யோசனைகள் வந்துவிட்டால் அவர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்கு நாலைந்து யோசனைகள் வந்திருந்தன. போதாக்குறைக்குப் புதுக் கல்யாணம் வேறு. உலகத்தையே திருத்திவிடலாம் என்கிற தெம்பு அந்த வயதில் இருந்தது.

நான் அமராவதி நகர்ப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள். தேர்வெழுதித் தேறி, திருப்பூரின் ஓரத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஆனேன். கணவர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். (வெளிநாட்டுக்காரன் கேட்ட பனியன் கேட்ட தேதியில் கப்பலேற வேண்டுமே என்று நகத்தைக் கடிக்கும் உத்தியோகத்துக்கு அதுதான் பெயர்.) எனக்கும் பனியன் தொழிலுக்கும் இருந்த சம்பந்தம் ரொம்பச் சின்னது. அவர் போட்டுக்கொள்வார், நான் துவைப்பேன்.

சேர்ந்த கொஞ்ச நாளில், மாணவர்களை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி என்று ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். முதலில் வந்தவர், "எல்லாரையும் கோரஸாகச் சொல்ல வையுங்கள், நாக்கு தானாகப் பழகும்" என்றார். அடுத்தவர், "அதெல்லாம் பழைய முறை, நடிக்க வையுங்கள்" என்றார். இன்னொரு அம்மா, வகுப்பறையில் இருக்கும் பொருள்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டச் சொன்னார். கடைசியாக வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையிலிருந்து தொடங்குங்கள்" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

புத்தியுள்ளவர்கள் இதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. பந்தியில் உட்கார்ந்த பசிக்காரி மாதிரி எதையும் வேண்டாமென்று சொல்லாமல் இலையில் வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் கலந்து அடித்தால் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு பொங்கலுக்குள் சரளமாகப் பேசும் என்று டவுன் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் நடத்துநரிடம் ஆங்கிலத்தில் டிக்கெட் கேட்டேன். அவர் என்னை இந்திக்காரி என்று நினைத்து இந்தியில் சில்லறை கேட்டார்.

மறுநாளே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்று, ஒன்பது 'பி'க்குக் கடைசி பீரியடைக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தப் பீரியட் ஏற்கெனவே கணக்கு சார் பழனிச்சாமியின் வசம் இருந்தது. தினமும் அதில் ஸ்பெஷல் கிளாஸ் என்ற பெயரில் பிள்ளைகளைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போது அறையில்தான் இருந்தார்.

"ஏனுங்க டீச்சர், சைன் தீட்டா தெரியாதவன் எக்ஸ்கியூஸ் மீன்னு சொல்லி என்னத்தங்க பண்ணப் போறான்?" என்றார்.

தலைமையாசிரியர் சண்டை பிடிக்காத மனிதர். யாரையும் நோகடிக்காமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம். "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார். "அடுத்த மாசம் மாவட்டத்துல இருந்து அதிகாரியம்மா வர்றாங்க. அதுவரைக்கும் டீச்சரே எடுக்கட்டும். அவங்க முன்னால பசங்க வாயத் தொறந்து இங்கிலீசு பேசிட்டா, அந்தப் பீரியடு வருசம் பூரா உங்களுக்குங்க டீச்சர். பேசலீன்னா சாருக்கே போயிருமுங்க."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் படுதோல்வி. ஓட்டலில் சாப்பாடு கேட்பது போல நடிக்க வைத்தேன். பயிற்சியில் கொடுத்த காட்சி அது. கார்த்தி என்றொரு பையன், அரும்பு மீசைக்காரன், வகுப்பிலேயே வாயாடி. அவன் எழுந்து, "டீச்சர், பாஸ்தான்னா என்னதுங்க?" என்றான். நானும் அதுவரை பாஸ்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை. "சேமியாவுக்குப் பெரியப்பன்" என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குமேல் அந்த ஓட்டலில் யாரும் எதுவும் ஆர்டர் செய்யவில்லை.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசியவரின் வாக்கு நினைவுக்கு வந்தது. ஓட்டலை மூடிவிட்டுக் காதர்பேட்டை பனியன் சந்தையைத் திறந்தேன். பாதிப் பேர் மொத்த வியாபாரிகள், மீதிப் பேர் வெளியூரிலிருந்து பனியன் வாங்க வந்தவர்கள். அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. பெஞ்சு மேல் பனியன் கட்டுகள் குவிந்தன (புத்தகப் பைகளையும் சாப்பாட்டுப் பைகளையும்தான் சொல்கிறேன்). பேரம் அனல் பறந்தது. என்ன, எல்லாரும் இந்தியில் பேரம் பேசினார்கள். லீவு நாள்களில் மாமா கடையில் நின்று கற்றதாம். நான் விடவில்லை. அவர்கள் இந்தியில் சொன்னதையெல்லாம் ஆங்கிலமாக்கி, கோரஸாகச் சொல்ல வைத்து, மறுபடி நடிக்க விட்டேன். "லாஸ்ட் பிரைஸ் போலோ" என்பது "வாட் இஸ் யுவர் லாஸ்ட் பிரைஸ்?" ஆனது. என் முறைகள் கைகோத்துக்கொண்டு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் தூக்கமே வரவில்லை.

நந்தினி மட்டும் பிடிகொடுக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒல்லிப் பெண். பீரியட் தொடங்கியதும், "டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்று கிளம்பினால், பெல் அடிக்கும்போதுதான் தலை தெரியும். ஆங்கிலத்துக்குப் பயந்து ஓடுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுக்கென்றே இன்னொரு முறையைக் கலக்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள். வகுப்பே கலங்கிப்போயிருந்தது. எனக்குப் பீரியட் போய்விடுமோ என்ற கவலை. அவர்களுக்குக் கணக்கு சார் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பீதி.

"டீச்சர், வர்றவங்க என்ன கேப்பாங்க?" என்றான் கார்த்தி.

இங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது பாடம் அல்லவா? "கண்ணுகளா, உங்க அம்மா அப்பா வேலை செய்யுற கம்பெனிக்கு வெளியில இருந்து ஆளுங்க பார்க்க வருவாங்கல்ல? கேள்வி கேட்பாங்கல்ல? அதே மாதிரிதான். பயப்படாம பதில் சொல்லணும்" என்றேன்.

வகுப்பு முழுக்க ஒரு தெளிவு பரவியது. "ஓ, அதுங்களா!" என்றார்கள். சொந்த வாழ்க்கையிலிருந்து தொடங்கும் முறைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த வீடுகளில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆளனுப்பி, தொழிற்சாலையில் எல்லாம் முறையாக நடக்கிறதா என்று தொழிலாளர்களிடமே விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பெயர் ஆடிட். அதற்கு ஒரு வாரம் முன்பே சில கம்பெனிகளில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். செக்கிங் செக்‌ஷன் அக்காவிலிருந்து அயர்ன் மாஸ்டர் வரை பலருக்கும் அந்தப் பதில்கள் அத்துப்படி. கம்பெனி வேனிலிருந்து இறங்கிய அம்மாக்களிடம் பிள்ளைகள், "நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துல ஆடிட்டு, நல்லாப் பண்ணலீன்னா பீரியடு போயிரும்" என்று சொல்லியிருக்கின்றன. பெற்ற மனம் சும்மா இருக்குமா? அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தவள் அசந்துபோனேன். இருந்த ஒரே கதவின் மேல் 'எக்ஸிட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. தரையில் அதை நோக்கி சாக்பீஸால் அம்புக்குறி. மூலையில் ஒரு குடம், அதில் 'டிரிங்கிங் வாட்டர்'. சுவரில் ஒரு பிஸ்கட் டப்பா, அதில் 'ஃபர்ஸ்ட் எய்ட்'. நான் சொல்லாமலேயே பொருள்களுக்குப் பெயர் ஒட்டும் முறையைப் பிள்ளைகள் கையில் எடுத்துவிட்டார்களே என்று எனக்குக் கண் கலங்கியது. (இப்படிப்பட்ட முட்டாளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.)

அதிகாரியம்மா கடைசி பீரியடுக்கு வந்தார். காட்டன் சேலை, கையில் ஃபைல், சிரிக்காத முகம். பின்னால் தலைமையாசிரியர். அவருக்கும் பின்னால், அழைக்காமலேயே, பழனிச்சாமி சார். பிள்ளைகள் ஃபைலைப் பார்த்தார்கள். எல்லாருடைய முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. நந்தினி தண்ணீர் குடிக்க எழுந்தாள். நான் கண்ணாலேயே மிரட்டி உட்கார வைத்தேன்.

அதிகாரி கார்த்தியைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயர் கேட்டார்.

"மை நேம் இஸ் கார்த்திகேயன், மேடம்" என்றான் கணீரென்று. நான் பெருமையில் பூரிப்பதற்குள், "ஐ ஆம் எய்ட்டீன் இயர்ஸ் கம்ப்ளீட்டட், மேடம்" என்றான்.

அதிகாரி அவனுடைய அரைக்கால் அங்குல மீசையை உற்றுப் பார்த்தார். "ஒன்பதாம் வகுப்பிலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் மேடம். நோ சைல்ட் லேபர் ஹியர், மேடம்."

எனக்கு லேசாக வியர்த்தது. அதிகாரி அடுத்த பெஞ்சுக்குப் போய், பள்ளிக்கு வரப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பெண்ணைக் கேட்டார்.

"நோ ஃபோர்ஸ், மேடம். ஓன் வில்லிங்."

"ஆங்கில ஆசிரியை எப்படி?"

"சூப்பர்வைசர் மேடம் வெரி குட், மேடம். நோ ஷவுட்டிங். நோ பேட் வேர்ட்ஸ். நோ பீட்டிங்."

"வீட்டில் பேசிப் பழகுவீர்களா?"

"ஓவர்டைம் டபுள் வேஜஸ், மேடம்!"

பழனிச்சாமி சாருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தவர் அதை எங்கே ஒற்றுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பூமிக்கும் அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

"உங்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா?" அதிகாரி வகுப்பைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"நோ கம்ப்ளெயிண்ட், மேடம்!" மொத்த வகுப்பும் ஒரே குரலில் முழங்கியது. கோரஸ் பயிற்சி அப்படி வேலை செய்திருந்தது.

அதிகாரி ஃபைலை மேசைமேல் வைத்தார். குரல் மாறியது. "இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று அழுத்திக் கேட்டார்.

அம்மாக்கள் அந்தக் கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆங்கில ஆசிரியையான என் கண் முன்னால், ஒரு பிசிறில்லாமல் சொன்னார்கள்:

"நோபடி டீச்சிங், மேடம்!"

போச்சு. பீரியட் போச்சு, மானமும் போச்சு. பழனிச்சாமி சார் அடுத்த நாளைக்கான கணக்கை மனதுக்குள் போட ஆரம்பித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது. கார்த்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், கரெக்டாத்தானுங்க சொன்னோம்?" என்று கிசுகிசுத்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி மேசைமேல் இருந்த ஃபைலை ஓரமாகத் தள்ளினார். பிறகு முதல் முறையாகத் தமிழில் பேசினார். "இது எல்லாம் யாரோ சொல்லிக் குடுத்தது. எனக்கு வேண்டாம். யாரும் சொல்லிக் குடுக்காத ஒண்ணு, உங்களுக்கே தோணுற ஒண்ணு, தப்புத் தப்பா இருந்தாலும் பரவாயில்ல, இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும்."

கார்த்தி தரையைப் பார்த்தான். மனப்பாடம் செய்யாததைச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியர் அதிகாரியை வாசல் பக்கம் திருப்பப் பார்த்தார்.

கடைசிப் பெஞ்சில் நந்தினி எழுந்தாள்.

தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மேடம்," என்றாள். "கேர்ள்ஸ் பாத்ரூம்... டோர் லாக் நோ, மேடம்."

அதிகாரி கடைசிப் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "யெஸ், டெல் மீ" என்றார் மெதுவாக.

"மை சிஸ்டர் சிக்ஸ்த் ஸ்டாண்டர்ட், மேடம். ஸ்மால். ஷி ஃபியர். இன்டர்வெல் டைம் பிக் க்ரவுட். லாஸ்ட் பீரியட் நோ க்ரவுட். ஷி கோ இன்சைட், ஐ ஸ்டாண்டிங் அவுட்சைட். ஹோல்டிங் டோர். மெனி ஸ்மால் கேர்ள்ஸ் கமிங், மேடம். எவ்ரிடே ஐ ஸ்டாண்டிங்." என்னை ஒரு தடவை பார்த்தாள். "இங்கிலீஷ் பீரியட் ஐ லைக், மேடம். பட் ஸ்டாண்டிங்."

ஒரு வாக்கியம் இலக்கணத்துக்கு உட்பட்டிருந்தால் கேளுங்கள். ஆனால் அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. நான் தண்ணீர் என்று நம்பிக்கொண்டிருந்தது அதுவா? வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து, எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குள் அணை உடைந்துவிட்டது. "மேடம், பாத்ரூம் வாட்டர் ஆல்சோ நோ!" என்றாள் இன்னொருத்தி. "மேடம், திஸ் ஃபேன் ஒன்லி சவுண்ட், நோ ஏர்!" என்றது நடுப்பெஞ்சு. கார்த்தி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். "மேடம், பி.டி. பீரியட் மேத்ஸ் சார் டேக்கிங், மேடம்! எவ்ரி வீக் டேக்கிங்! வீ ஆஸ்க் கிரவுண்ட், ஹி கிவ் டெஸ்ட்!"

பழனிச்சாமி சாரின் இருமல் நின்றது.

அதிகாரி கேட்கக் கேட்க அவர்கள் சொன்னார்கள். எந்தத் தண்ணீர்த் தொட்டி, எந்தக் கதவு, எத்தனை நாளாக என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, இவர்கள் கையையும் காலையும் சேர்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். வார்த்தை கிடைக்காதவனுக்குப் பக்கத்திலிருப்பவள் எடுத்துக் கொடுத்தாள். திருத்துவதற்கு நான் வாயையே திறக்கவில்லை. தலைமையாசிரியர் அருகில் நிற்பதுகூட மறந்து நான் கைதட்டினேன். பெல் அடித்தும் ஒருவரும் கிளம்பவில்லை.

பிறகு தலைமையாசிரியர் அறையில் அதிகாரி என்னைப் பார்த்து, "முதல்ல அவங்க பேசினதைக் கேட்டப்போ உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார். "இது என்னம்மா முறை?"

நான் கோரஸ், நடிப்பு, பெயர் ஒட்டுவது, சொந்த வாழ்க்கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முந்தின நாள் நான் கொடுத்த உதாரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஃபைலை இறக்கியபோது, "அந்தப் பீரியட் வருஷம் முழுக்க இவங்களுக்கே இருக்கட்டும்" என்றார். "பி.டி. பீரியட் பி.டி.க்கே இருக்கட்டும். பாத்ரூமுக்கு ஒரு பொறுப்பு ஆள் போடுங்க, சார். அடுத்த தடவை வந்து பார்ப்பேன்."

அவர் ஜீப் கேட்டைத் தாண்டும் வரை கும்பிட்டபடி நின்ற தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "பசங்க பேசோணும்னுதானுங்க டீச்சர் சொன்னேன்" என்றார் பரிதாபமாக. "இத்தனை பேசோணும்னு சொன்னனுங்களா?" பிறகு தன் வாழ்நாளின் ஒரே பழிவாங்கலை நிறைவேற்றினார். பாத்ரூம் பொறுப்பு ஆசிரியையாக என்னை நியமித்தார்.

இரும்புக் கடைக்குப் போய் நல்ல கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி, ஆசாரியைக் கூட்டிவந்து நானே கூட நின்று பொருத்தினேன். மறுநாள் கடைசி பீரியடுக்கு நந்தினி வந்து உட்கார்ந்தாள். பெல் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். இடையில் நான் கேட்காமலேயே கை தூக்கி இரண்டு தடவை பேசினாள். அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அடையவில்லை. (இதைக் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.)

கணவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னபோது அவர் சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஏம்புள்ள, அந்த 'ஓன் வில்லிங்' எங்க கம்பெனிலயும் ஓடுற பதிலாச்சே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற நல்ல பதிலாக் குடுத்திருப்பனே!"

அதன்பின் இரண்டு பள்ளிகள் மாறிவிட்டேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேர்ந்த முதல் நாளே, "டீச்சர், நீங்கதான பாத்ரூம் நல்லாப் பார்ப்பீங்க?" என்று சாவியை நீட்டுகிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன். வீட்டிலோ அந்தப் பதில்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ரசம் உப்புக் கரித்தாலும் "நோ கம்ப்ளெயிண்ட், மேடம்" என்றுதான் சாப்பிடுவார்கள். உடைந்த டம்ளரைக் காட்டி யார் உடைத்தது என்று கேட்டால் என் மகள், "நோபடி பிரேக்கிங், மேடம்" என்கிறாள்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா, பந்தியில் எல்லார் முன்னாலும் கணவரைச் சீண்டினார். "என்னங்க மாப்ள, டீச்சரம்மாவோட குடித்தனம் எப்படிப் போகுது?"

கணவர் சாப்பிட்ட கையை இலைமேல் பிடித்தபடி எழுந்து நின்றார். "நோ ஃபோர்ஸ், மேடம். ஓன் வில்லிங். நோ ஷவுட்டிங். நோ பீட்டிங்." பந்தியே சிரித்தது.

பக்கத்து இலையிலிருந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, இதெல்லாம் சொல்லிக் குடுத்தது. யாரும் சொல்லிக் குடுக்காத ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்தது அவர் தொண்டையில் வந்து நிற்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

"எவ்ரிடே உப்புமா, மேடம்."

மண்டபத்தில் அன்று முகூர்த்தத்துக்குக்கூட அவ்வளவு சத்தம் எழவில்லை. மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்லத் துணிந்தவரை நான் என்றைக்கும் பாராட்டத் தவறியதில்லை, எனவே நானும் எழுந்து கைதட்டினேன். மறுநாள் காலை பூரி செய்தேன். அதற்கு மறுநாளிலிருந்து மறுபடியும் உப்புமாதான்.